அடுப்பை அணைத்த பிறகு தூவவும்

பிப்ரவரி 3

பட்டாசுக்கு,

இப்படிக் கூப்பிடுகிற உரிமை இன்னும் எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. பழக்கதோஷம். பிடிக்காவிட்டால் எழுது, மாற்றிக்கொள்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. போன தடவை மாமாவே என் கையிலிருந்து போனைப் பிடுங்கி வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் பேசவே வேணாம், எழுதித் தொலைங்க"ன்னு சொல்லிவிட்டார். அதனால்தான் இது.

விஷயத்துக்கு வருகிறேன். பதறாதே. மாமாவைப் போன வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். மார்க்கெட்டுக்குப் போய்த் திரும்பி வரும்போது மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். "என்ன மாமா?"ன்னு கேட்டேன். "ஷூ லேஸ் கட்டுறேன்டா"ன்னார். காலில் கிடந்தது செருப்பு. மூச்சு அப்படி வாங்கியது.

டாக்டரம்மா எல்லாம் பார்த்துவிட்டு, இதயம் பம்ப் பண்ணுகிற அளவு குறைந்துவிட்டது என்றார். "மாத்திரை நான் தர்றேன். உப்பு உங்க கையில இருக்கு" என்றார். உப்பு ஏறினால் உடம்பில் தண்ணீர் நின்றுவிடுமாம். காலில் ஆரம்பித்து நுரையீரல் வரைக்கும் போகுமாம். தினமும் காலையில் எடை பார்க்க வேண்டும், சட்டென்று கூடினால் ஓடி வர வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

எடை கூடவில்லை. குறைகிறது. ஏனென்றால் மனிதர் சாப்பிடுவதே இல்லை. உப்பில்லாத சோற்றை வாயில் வைத்துவிட்டு அப்படியே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "மாப்ளே, முப்பது வருஷம் பி.டி. மாஸ்டரா இருந்தேன். தப்பு பண்ணின பசங்களை மைதானத்தைச் சுத்தி ஓடச் சொல்லியிருக்கேன். இப்படி ஒரு தண்டனை எவனுக்கும் குடுத்ததில்ல"ன்னார் நேற்று.

நான் லிப்ட் மெக்கானிக். ரெண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன பெட்டியை இறக்கத் தெரியும். ஒரு மனிதரை வாய் திறக்க வைக்கத் தெரியவில்லை. நீ வெளிநாட்டு ஹோட்டலில் நூறு பேருக்குச் சமைப்பவள். உப்பு இல்லாமல் எதைப் போட்டால் ருசி வரும் என்று எழுது.

இப்படிக்கு,
உன் அப்பாவோடு குடியிருப்பவன்

---

பிப்ரவரி 13

உங்களுக்கு,

பட்டாசு என்றே கூப்பிடுங்கள். இங்கே எல்லோரும் என்னை "ஹலோ" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

"போன வாரம் சேர்த்திருந்தேன்." இந்த வரியை எத்தனை தடவை படித்தேனோ. சேர்த்த அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? அவர் வீட்டுக்கு வந்து சோறு வேண்டாம் என்று சொல்கிற வரைக்கும் எனக்குத் தெரிய வேண்டாமா? உங்கள் கம்பெனி மூடியதை நான் பக்கத்து வீட்டு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தினமும் டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்கே போய் உட்கார்ந்திருந்தீர்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்காகத்தான் நான் கிளம்பினேன், வேலை போனதற்காக இல்லை. அதைச் சொன்னால் சண்டை. சரி, அப்பா விஷயம்.

இதோடு ஒரு பாக்கெட் வைத்திருக்கிறேன். உள்ளே இருப்பது உலர்த்திய சதகுப்பை இலை. சதகுப்பை விதையை மருந்துக் கடையில் பார்த்திருப்பீர்கள், இது அந்தச் செடியின் இலை. இங்கே டில் என்கிறார்கள். பார்த்தால் பச்சைத் தூசி மாதிரி இருக்கும். தூசி என்று நினைத்துத் தட்டிவிடாதீர்கள். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனால் கொஞ்சம் சோம்பு, கொஞ்சம் எலுமிச்சைத் தோல், கொஞ்சம் வெட்டின புல்.

எங்கள் ஹோட்டலில் உப்பு கூடாது என்று சொல்லி வருகிறவர்களுக்கு இதைத்தான் போடுகிறேன். நாக்கு உப்பைத் தேடிக்கொண்டு வரும்போது இது வாசலில் நின்று பேச்சுக் கொடுத்து அதை மறக்கடித்துவிடும். தூவுவதற்கு முன்னால் உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள், அப்போதுதான் வாசனை எழுந்திருக்கும். கொதிக்கவிட்டால் செத்துப்போகும். நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அடுப்பை அணைத்த பிறகு தூவவும். தூவி, மூடி போட்டு, கொஞ்ச நேரம் கழித்துப் பரிமாறுங்கள். தயிரில் போடுவதென்றால் மட்டும் முன்னாடியே போட்டு ஊற விடுங்கள். காய்ந்த இலை, ஈரத்தைக் குடித்துக்கொள்ள அதற்கு நேரம் வேண்டும். வெள்ளரிக்காய், வேகவைத்த உருளைக்கிழங்கு, முட்டை, மீன் எல்லாவற்றுக்கும் சேரும். ரெண்டு சொட்டு எலுமிச்சை கூடவே இருந்தால் இன்னும் எடுபடும். கைநிறைய அள்ளிப் போட்டுவிடாதீர்கள், கசக்கும். அடுப்புக்கு மேலே இருக்கிற தட்டில் வைக்காதீர்கள். சூடு பட்டால் ஒரு மாதத்தில் வெறும் வைக்கோல்.

டாக்டரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போடுங்கள். கேட்டேன் என்று எனக்கு எழுதுங்கள். கேட்காமலேயே கேட்டேன் என்று எழுதாதீர்கள்.

அவர் முகம் எப்படி இருக்கிறது? கன்னம் ஒட்டிப்போயிருக்கிறதா? நான் கிளம்பியபோது அவரையும் கூப்பிட்டேன். "நீதானே சண்டை போட்டே, நான் எதுக்கு வரணும்?"ன்னு கேட்டார். நம் ரெண்டு பேரில் அவர் உங்களைத் தேர்ந்தெடுத்தார். பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனாரின் மகள்

---

பிப்ரவரி 25

பட்டாசுக்கு,

டாக்டரம்மாவிடம் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். பாக்கெட்டை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "வெறும் இலைதானே, தாராளமா போடுங்க. எனக்கும் கொஞ்சம் குடுங்க"ன்னார்.

முதல் நாள் கதையைச் சொன்னால் நீ திட்டுவாய். உன் கடிதத்தை வரவேற்பறையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். பருப்போடு சேர்த்து ஆரம்பத்திலேயே போட்டு நன்றாக வேகவிட்டேன். வாசனை முழுவதும் மாடிப்படி வழியாகப் பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. தட்டில் வந்தது பச்சைப் பருப்புக் கஞ்சி. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "மைதானத்துல புல்லு வெட்டினாங்களா மாப்ளே?"ன்னு கேட்டார்.

அடுத்த நாள் கடிதத்தைக் கிளிப் போட்டு அலமாரியில் மாட்டிவிட்டுச் செய்தேன். உருளைக்கிழங்கை வேகவைத்து, துளி எண்ணெயில் புரட்டி, அடுப்பை அணைத்து, கையில் கசக்கித் தூவி, மூடி போட்டேன். மூடியைத் திறந்தபோது வீட்டில் இதுவரை இல்லாத ஒரு வாசனை. நீ இங்கே இருந்தபோதும் இருந்ததில்லை. ஆனாலும் நீ வந்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

மாமா பேசாமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் போட்டேன், அதையும் சாப்பிட்டார். உனக்குத்தான் தெரியுமே, அவர் திட்டாமல் இருந்தால் அதுதான் பாராட்டு. சாயங்காலம் தயிரில் வெள்ளரிக்காய் அரிந்துபோட்டு ஊறவைத்தேன். "இது யாரு சொன்னது, பாப்பாவா?"ன்னு கேட்டார். ஆமாம் என்றேன். கிண்ணத்தைக் காலி பண்ணினார்.

நானும் அதையேதான் சாப்பிடுகிறேன். எனக்குத் தனியாக உப்புப் போட்டுச் சமைத்தால் அவர் கண் என் தட்டிலேயே இருக்கிறது. முதல் வாரம் எனக்கும் அழுகை வந்தது. இப்போது பழகிவிட்டது. பாக்கெட் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. இன்னொன்று அனுப்ப முடியுமா?

கன்னம் கொஞ்சம் ஒட்டித்தான் இருக்கிறது. தேறிவிடும்.

இப்படிக்கு,
உப்பில்லாதவன்

---

மார்ச் 8

உங்களுக்கு,

கோணல் மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதீர்கள், இடது கையால் எழுதுகிறேன். சூடான எண்ணெய்ச் சட்டி வழுக்கி வலது கையில் பட்டுவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. பார்த்தீர்களா, நடந்த அன்றைக்கே எழுதுகிறேன். இப்படித்தான் சொல்ல வேண்டும்.

அப்பா ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார் என்று படித்ததும் சமையலறையில் எல்லோரிடமும் சொன்னேன். பாத்திரம் கழுவுகிற பெரியவர் என் பாஷை புரியாமலே கை தட்டினார்.

என்னால் கடைக்குப் போக முடியவில்லை. எங்கள் ஹோட்டல் ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கொள்கிற அம்மா நல்லவள். "உங்க அப்பாவுக்குத்தானே, நானே அனுப்பி வைக்கிறேன், முகவரியை மட்டும் குடு"ன்னு சைகையும் வார்த்தையுமாகச் சொன்னாள். பாக்கெட் தனியாக வந்து சேரும். இந்தக் கடிதத்துக்கு முன்னாலேயே வந்தாலும் வரும்.

எனக்கு ஒரு பயம் பிடித்து ஆட்டுகிறது. நீங்கள் "தேறிவிடும்" என்று எழுதும்போது எழுத்து கொஞ்சம் சாய்கிறது. எனக்கு அப்படித் தோன்றுகிறதா, உண்மையா? காலையில் எடை பார்க்கிறீர்களா? கட்டை விரலால் அவர் கணுக்காலில் அழுத்திப் பாருங்கள். அழுத்தின இடம் குழியாகவே நின்றால் தண்ணீர் சேருகிறது என்று அர்த்தம். அப்படி நின்றால் எனக்குப் போன் பண்ணுங்கள். சண்டை வந்தால் வரட்டும்.

இங்கே வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரென்று மாடிப்படி ஞாபகம் வருகிறது. அவர் செருப்புக்கு லேஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சிரிக்க வேண்டிய விஷயம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படிக்கு,
இடது கைக்காரி

---

மார்ச் 24

பட்டாசுக்கு,

கை எப்படி இருக்கிறது? கட்டைச் சீக்கிரம் பிரித்துவிடாதே. தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

மாமா நலம். ரெண்டாவது பாக்கெட் வந்து சேர்ந்தது, தீர்ந்தும்விட்டது. இனிமேல் அனுப்ப வேண்டாம். நான் இங்கேயே எங்காவது கிடைக்கிறதா என்று பார்க்கிறேன். உனக்கு எதற்கு வீண் சிரமம்.

புதுக் கம்பெனியில் வேலை கொஞ்சம் அதிகம். ஒரு பெரிய கட்டிடத்தில் நாலு லிப்டையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறார்கள். மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
நான்

---

ஏப்ரல் 3

ஊமைக்கோட்டானுக்கு,

"மாமா நலம்." ரெண்டே ரெண்டு வார்த்தை. அதில் ஒன்று பொய்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். இந்தத் தடவை ரெண்டு மாதத்துக்கு வருகிற மாதிரி பெரிய பாக்கெட்டாக அனுப்பச் சொல்லியிருந்தேன். ரெண்டு பேர் சாப்பிட்டு அதற்குள் எப்படித் தீரும்? அனுப்பு அனுப்பு என்றவர் ஏன் இப்போது அனுப்பாதே என்கிறார்? ஸ்டோர் அம்மாவிடம் போய், அன்றைக்கு என்ன அனுப்பினாய், காட்டு என்றேன். இதிலிருந்துதான் பாக்கெட்டில் கொட்டி அனுப்பினேன் என்று பெருமையாக ஒரு ஜாடியை எடுத்து வந்தாள். ஸ்டோரில் வெறும் இலை தீர்ந்திருந்ததாம். "உனக்காக ஸ்பெஷலா கடையில வாங்கினேன், இதுதான் எல்லாரும் விரும்புறது"ன்னாள். மேலே பெரிய எழுத்தில் டில் என்று போட்டிருந்தது. பின்னால் திருப்பிப் பார்த்தேன். முதல் வார்த்தையே உப்பு. அப்புறம் பூண்டுப் பொடி. இலை அதற்கப்புறம்தான் வருகிறது.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு என்ன தெரியும்? நான் சொல்லியிருக்க வேண்டும். 

உங்களுக்குப் போன் பண்ணினேன், எடுக்கவில்லை. எந்த லிப்ட் கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தீர்களோ. வீட்டுப் போனுக்கு அடித்தேன். அப்பா எடுத்தார்.

"பாப்பா! கை எப்படிம்மா இருக்கு?"

"என் கையை விடுங்கப்பா. உங்க கால் எப்படி இருக்கு?"

"அது அன்னைக்கு ஊசி போட்டதுலயே வத்திடுச்சும்மா."

"என்ன ஊசி?"

போனை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மெதுவாக, "அய்யய்யோ, அவன் எழுதிட்டான்னு நினைச்சு உளறிட்டேனே. சரி, நான் சொன்னேன்னு சொல்லிடாதே"ன்னார்.

விடவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். ஆக்ஸிஜன் வைத்தார்களாமே. ஆஸ்பத்திரியிலேயே தங்கினீர்களாமே. அதற்கப்புறம் அவர் சொன்னதைக் கேளுங்கள்: "ஆனா நீ அனுப்பின ரெண்டாவது பாக்கெட் இருக்கே, பிரமாதம்மா! செத்த நாக்குக்கு உயிர் வந்துச்சு. அதைப் போய் இவன் சிங்க்ல கொட்டித் தண்ணியைத் திறந்து விட்டுட்டான். சண்டை போட்டேன். காரணமே சொல்ல மாட்டேங்கறான்."

அவரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

நான் வருத்தப்படக் கூடாது என்றுதானே? என் கை அனுப்பியது என் அப்பாவுக்கு விஷமாகப் போனது என்று எனக்குத் தெரியக் கூடாது என்றுதானே? உங்கள் மனசு எனக்குத் தெரியும். அதுதான் எனக்கு அதிகமாகப் பயமாக இருக்கிறது. ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். அப்பா ஒரு நாள் நீங்கள் இல்லாத நேரத்தில் எனக்குப் போன் பண்ணி, "பாப்பா, அந்த ரெண்டாவது பாக்கெட் மாதிரியே இன்னொண்ணு அனுப்பு"ன்னு கேட்டிருந்தால்? நான் சந்தோஷமாக ஒரு ஜாடியே அனுப்பியிருப்பேன். நீங்கள் வேலைக்குப் போன பிறகு அவர் தனியாக உட்கார்ந்து, கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிட்டிருப்பார். என்னைக் காப்பாற்றுவதற்காக நீங்கள் மூடி வைத்தது அவரை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கும்?

இனிமேல் உங்கள் கடிதத்தில் "நலம்" என்று ஒரு வார்த்தை இருந்தால் அதற்கு மேல் படிக்க மாட்டேன். எழுதுவதாக இருந்தால் முழுசாக எழுதுங்கள். முடியாது என்றால் எழுதவே வேண்டாம். அப்பாவுக்கு நான் வேறு ஏற்பாடு பண்ணிக்கொள்கிறேன். நமக்குள்ளும் முடித்துக்கொள்ளலாம். சும்மா மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். யோசித்துத்தான் எழுதுகிறேன்.

பட்டாசு

---

ஏப்ரல் 14

பட்டாசுக்கு,

முழுசாக எழுதுகிறேன். எழுத்து நன்றாக இருக்காது. எனக்கு இது பழக்கமில்லை.

ரெண்டாவது பாக்கெட் வந்த வாரம் எனக்கு அந்தப் பெரிய கட்டிடத்தில் ரெட்டை ஷிப்ட். காலையில் தயிரில் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுவேன். நான் வெளியே சாப்பிட்டுக்கொண்டேன். அதனால் நான் அதை வாயில் வைக்கவே இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கிண்ணம் கழுவி வைத்த மாதிரி இருக்கும். ஒரு நாள் நான் இருக்கும்போதே விரலால் வழித்துச் சாப்பிட்டார். அப்போது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது. உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

எடை பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் போவேன். அவர் பார்த்ததாகச் சொல்வார். பார்க்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று கணுக்காலில் கட்டை விரலை வைத்து அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. என் விரல் ரேகை கூடத் தெரிந்தது. எடை மெஷினில் ஏற்றினேன். முள் எகிறிப்போய் நின்றது. சமையலறைக்கு ஓடி, பாக்கெட்டில் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. இலையின் வாசனைக்கு முன்னால் அதுதான் சுள்ளென்று ஏறியது.

அதற்குள் அவருக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. படுக்கவே முடியவில்லை, உட்கார்ந்தே இருந்தார். வண்டியில் ஏற்றும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதே மாப்ளே, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடுவேன்"ன்னார். உதடு நீலமாக இருந்தது. அதையும் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

டாக்டரம்மா என்னைத் திட்டினார். "இலைன்னுதானே சொன்னீங்க?"ன்னு கேட்டார்.  நடைபாதையில் நின்றுகொண்டு உன் நம்பரை அழுத்தினேன், மணி அடிப்பதற்குள் கட் பண்ணினேன். மறுபடி அழுத்தினேன். நீ அந்தக் கட்டுப் போட்ட கையோடு அங்கே தனியாக நின்றுகொண்டு இதைக் கேட்பாயே என்று நினைத்தேன். மாமாவும் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அவகிட்ட சொல்லாதே, வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவா"ன்னார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

ஏன் வசதி என்றும் எழுதிவிடுகிறேன். நீ வந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய் என்று பயந்தேன். காலையில் நான் எழுந்து தேநீர் போடும்போது பக்கத்து அறையில் ஒருவர் இருமுகிறார். "சர்க்கரையாவது போட்டியா, இல்ல அதுவும் தடையா?"ன்னு கேட்கிறார். அது இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் பேசுவதற்கே ஆள் கிடையாது.

இன்னும் இருக்கிறது. பம்ப் பண்ணுகிற அளவு பிப்ரவரியில் இருந்ததைவிட இப்போது குறைந்திருக்கிறது. அது அந்த உப்பினால் மட்டும் இல்லை, எப்படியும் இந்தப் பக்கம்தான் போகும் என்று டாக்டரம்மா சொன்னார். நல்ல நாளும் வரும், கெட்ட நாளும் வரும், பழைய மாதிரி ஆகாது என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். "உங்க மனைவி எப்ப வருவாங்க?"ன்னு திருப்பிக் கேட்டார். அதை நான் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

லிப்ட் நடுவில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவர்களிடம் "ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. அது அவர்களை இன்னும் பயமுறுத்தும். கரண்ட் போயிருக்கிறது, கயிறு நன்றாக இருக்கிறது, நான் மேலே ஏறிக் கையால் இறக்கப் போகிறேன், கொஞ்சம் குலுங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு அந்தக் கட்டிடத்தில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து இதை நினைத்துக்கொண்டிருந்தேன். வேலை ஓடவில்லை.

மாமாவிடமும் காரணத்தைச் சொல்லிவிட்டேன். "அதான் அவ்வளவு ருசியா இருந்துச்சா!"ன்னு சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. அப்புறம், "பாப்பாவுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கே ஊர் முழுவதும் அலைந்து ஒரு பெரிய கடையில் சதகுப்பை இலை கண்டுபிடித்தேன். பின்பக்கம் படித்தேன். ஒரே ஒரு பொருள்தான் எழுதியிருந்தது. கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, அங்கேயே பிரித்து, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நேற்று மீனில் தூவினேன். மாமா பாதிதான் சாப்பிட்டார். இன்று காலை எடை கூடவில்லை. வலது கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, இடது கால் இல்லை. படிக்கட்டு ஏறக் கூடாது என்று சொல்லியிருப்பதால் ஜன்னல் பக்கமே உட்கார்ந்திருக்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. தனியாக முடியவில்லை. நீ வா. மாமாவுக்காக வருவாய் என்று தெரியும். எனக்காகவும் கூப்பிடுகிறேன்.

இப்படிக்கு,
ஊமைக்கோட்டான்

---

ஏப்ரல் 25

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் காய்கறி வைக்கிற குளிர் அறைக்குள் நின்று படித்தேன். வெளியே படித்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று உள்ளே போனேன். படித்து முடித்தபோது விரல் மரத்துப்போயிருந்தது. பாத்திரம் கழுவுகிற பெரியவர் கதவைத் தட்டி, வெளியே கூட்டி வந்து, அடுப்புப் பக்கம் உட்கார வைத்தார்.

நல்ல செய்தி என்று ஒரு வரிகூட இல்லாத கடிதம். அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். இங்கே வந்த பிறகு நான் அசந்து தூங்கியது அன்றைக்குத்தான். உங்களுக்கு இது புரியுமா என்று தெரியவில்லை. இருட்டு அறையில் எங்கே என்ன கிடக்கிறதோ என்று தடவிக்கொண்டே இருந்தேன். நீங்கள் விளக்கைப் போட்டீர்கள். அறை பார்க்க நன்றாக இல்லைதான். ஆனால் இப்போது எங்கே கால் வைக்கலாம் என்று தெரிகிறது.

உதடு நீலமாக இருந்தது என்று எழுதினீர்களே, அதைப் படித்துவிட்டு அழுதேன். எழுதியதற்கு நன்றி.

தலைமைச் சமையல்காரரிடம் போய் நின்றேன். முகத்தைப் பார்த்ததுமே, "எப்ப கிளம்புற?"ன்னு கேட்டார். லீவு கொடுத்திருக்கிறார். நீட்டிக்க வேண்டியிருந்தால் எழுதச் சொன்னார், இடத்தை வைத்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். ஸ்டோர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்கிறாள். அவள் மேல் தப்பில்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை கொடுத்திருக்கிறாள்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடுவேன். என்னைக் கூப்பிட வருகிறேன் என்று அப்பாவைத் தனியாக விட்டுவிட்டு வராதீர்கள். எனக்கு வழி தெரியும். அதுவரைக்கும் தினமும் போன் பண்ணுங்கள். எடை எவ்வளவு, எந்தக் கால், எவ்வளவு சாப்பிட்டார், எவ்வளவு மிச்சம் வைத்தார், எல்லாம் சொல்லுங்கள். சண்டை வந்தால் போனை வைத்துவிட்டுத் திரும்பப் பண்ணுங்கள். நான் எடுப்பேன்.

அப்பாவை உங்களிடமிருந்து கூட்டிக்கொண்டு போக மாட்டேன். அந்த மாதிரி மிரட்டியது கோபத்தில். அவர் எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும், அவர் எப்போதோ சொல்லிவிட்டார்.

நம்மைப் பற்றி எந்த முடிவும் எடுத்துக்கொண்டு வரவில்லை. உங்கள் கடைசி வரியைப் படித்த பிறகும் எடுக்க முடியவில்லை. எனக்காகவும் கூப்பிடுகிறேன் என்று நீங்கள் எழுதினது சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. பழைய மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். அதனால் வந்ததும், திரும்பிப் போவாயா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. தெரிகிற அன்றைக்கு, வேறு யாருக்கும் முன்னால், உங்களிடம் சொல்கிறேன்.

இப்படிக்கு,
பட்டாசு